பென்ஸ் வாங்கலாமா என்று கேட்டவருக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்திருக்கிறது, தெரிந்த புரோக்கர் ஒருவர் 7 வருடப் பழைய பென்ஸ் இ-கிளாஸ் ஒன்றை 30 லட்சத்துக்குச் சொல்கிறார், வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள், நீங்களாவது ஒரு நியாயம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடவில்லை.

நியாயம் இதுதான். வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். போகும்போது நீங்கள் ஓட்டுங்கள், திரும்பும்போது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லையென்றால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கார் சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. சமீபத்தில் காரைக்குடியில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அம்மாவை ரயிலில் அழைத்துப்போக முடியாத நிலை. தங்கை மகன் ஒற்றைக் காலில் நின்றதில், நீங்கள் கேட்கிற அதே தலைமுறை இ-கிளாஸ், டீசல் வண்டி, செல்ஃப் டிரைவில் எடுத்தோம். அந்தப் பழக்கத்தில்தான் சொல்கிறேன்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட தம்பி சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் நாலு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தார். அலாயில் ஏற்கெனவே இருந்த கீறல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது உங்க கணக்குல வராது சார்" என்றார். இனி விழுகிறது என் கணக்கில் வரும் என்பது அதற்குள்ளேயே இருந்தது. அப்புறம் உள்ளே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "இண்டிகேட்டர் இடது கை சார். வலது கைல இருக்கிறது கியர். மறந்துடாதீங்க."

இதை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாருதியிலும் ஹூண்டாயிலும் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கிற தண்டுதான் இண்டிகேட்டர். இந்த வண்டியில் அந்த இடத்தில் இருப்பது கியர் தண்டு. வலப்பக்கம் திரும்புகிற இடத்தில் கை தன் பழக்கத்தில் அதைத் தட்டும், வண்டி நியூட்ரலுக்குப் போகும், பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்குவான். "முதல் சிக்னல்லயே பாதிப் பேர் நியூட்ரல்ல நிப்பாங்க சார்" என்று தம்பி சிரித்தார். அவர் சொன்னதற்காகவே செங்கல்பட்டு தாண்டும்வரை வலது கையைத் தண்டின் பக்கமே விடாமல் ஓட்டினேன்.

ஓட்டுகிற சுகம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தெரிவது வேகம் இல்லை, சத்தமின்மை. பரனூர் டோல் தாண்டியதும் பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஒன்பது கியர். நூறில் போகும்போது என்ஜின் முள் 1,500-க்குக் கீழே படுத்துக் கிடக்கிறது. என்ஜின் இருக்கிறது என்பதே காலைக் கொஞ்சம் அழுத்தினால்தான் தெரிகிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. நம் உடம்பு வேகத்தை அளப்பது கண்ணால் மட்டும் இல்லை. காதும் இருக்கையின் அதிர்வும் சேர்ந்துதான் கணக்குச் சொல்கின்றன. இந்த வண்டியில் அந்த இரண்டும் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. எழுபதில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் நூற்றுப் பத்து. நாற்கரச் சாலையில் காருக்கு வரம்பு 100. நல்லவேளையாக 2019 ஜூலைக்குப் பிறகு நம் நாட்டில் தயாரான எல்லாக் கார்களுக்கும் ஒரு பீப் ஒலியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்: 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு, 120-ஐத் தாண்டினால் விடாமல். ஆல்டோவுக்கு என்ன சட்டமோ அதே சட்டம் பென்ஸுக்கும். தங்கை மகனுக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது. எனக்கு வண்டி முழுவதிலும் மிகவும் பிடித்த சாமான் அதுதான்.

அம்மாவின் அபிப்பிராயம் வேறு. இன்னோவாவில் படியில் கால் வைத்து ஏறிப் பழகியவள். இதில் கதவைத் திறந்தால் சீட்டு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. "இதுல ஏறணுமாடா, இறங்கணுமா?" என்று கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து, ஒரு கையை என் தோளில் ஊன்றி, உட்கார்ந்தாள். தாம்பரம் தாண்டியதும் சொன்னாள்: "என்னமோ ரோட்டுலயே பாய் விரிச்சு உக்காந்து போற மாதிரி இருக்குடா." ஆனால் விழுப்புரம் வருமுன்பே தூங்கிவிட்டாள். அவள் காரில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இறங்கும்போதுதான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே எடை போடுங்கள்.

அவள் தூங்கியதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் விற்கிற சாதாரண இ-கிளாஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,939 மில்லிமீட்டர். இங்கே நமக்குக் கொடுத்ததில் 3,079. அந்த 140 மில்லிமீட்டர், அரை அடிக்குச் சற்றுக் குறைவு, பின் சீட்டுக்காரரின் முழங்காலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இடைவெளி கூடக்கூட மேடு பள்ளத்தில் வண்டி முன்னும் பின்னும் குதிப்பது குறையும். வலப்பக்க ஸ்டியரிங்கோடு நீட்டிய இ-கிளாஸ் உலகத்திலேயே முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில்தான், 2017-இல். அதற்கு முன்பே சீனாவுக்கு இடப்பக்க ஸ்டியரிங்கில் நீட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனிக்காரர் தன் காரைத் தானே ஓட்டுகிறார். நம்மூரில் இந்த விலைக்கு வாங்குகிறவர் பெரும்பாலும் ஓட்டுவதில்லை. கம்பெனிக்காரன் கணக்குத் தெரிந்தவன்.

ஓட்டுகிறவனுக்கான கார் என்று காலமெல்லாம் பெயர் வாங்கிய பி.எம்.டபிள்யூகூட 2024 ஜூலையில் தன் 5 சீரிஸை இங்கே நீட்டித்தான் இறக்கியது. அச்சு இடைவெளி 3,105 மில்லிமீட்டர். அது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில், 2007 முதல் நடக்கிற அவர்களுடைய ஆலையில் பூட்டப்படுகிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போன அதே ஜி.எஸ்.டி. சாலையோரம், பின் சீட்டுக்காரருக்காக இன்னொரு கார் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆக, ஐயா, நீங்கள் வாங்க நினைப்பது ஓட்டுவதற்கான கார் இல்லை. உங்கள் கடிதத்தில் "என் கையால் ஓட்ட வேண்டும்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

இது எனக்கு உறைத்தது கல்யாண மண்டபத்து வாசலில். அம்மா பின் சீட்டில், நான் ஸ்டியரிங்கில், கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வாசல் காவலாளி ஓடிவந்து பின் கதவைத் திறந்து அம்மாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "வண்டிய அந்த வேப்பமரத்தடியில போட்டுருங்கண்ணே. டிரைவருங்களுக்குப் பின்கட்டுல பந்தி நடக்குது" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் பட்டு வேட்டிதான் கட்டியிருந்தேன். அது உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது, அவருக்கு எப்படித் தெரியும்?

போய் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்தேன். வெள்ளைப் பணியாரமும் கும்மாயமும் முன்கட்டில் போட்டதேதான், ஆனால் அங்கே சூடாக இருந்தது. என் இடப்பக்கம் ஒருவர், மதுரையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரருடைய இ-கிளாஸை ஓட்டி வந்தவர். வலப்பக்கம் ஒருவர், வாடகை வண்டிகளிலேயே இருபது வருடம் போனவர். வண்டியைப் பற்றி நான் கற்றதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான். உங்களுக்கு உபயோகமானதை மட்டும் எழுதுகிறேன்.

மதுரைக்காரர் முதலில் கேட்டது, "யூரியா எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களா?" என்று. புதிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஒன்றைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆட்புளூ என்று கேன்களில் விற்கிறார்கள். குறையக்குறைய, இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று டேஷ்போர்டு எண்ணிக்காட்டும். எண்ணி முடிந்தபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டேங்கில் டீசல் ததும்பினாலும் ஆகாது. பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதே நடுரோட்டில்தான் என்றார்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டால் எந்தக் காரும் ஏறி இறங்கும். நம் ஊர்களில் பள்ளிக்கூடத்து வாசலிலும் டீக்கடை வாசலிலும் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிறவற்றுக்கு அளவு ஏது? இரண்டு அச்சுக்கும் நடுவே நீளம் கூடின வண்டிக்கு வயிறு தட்டும். "நேரா ஏறாதீங்க, சாய்ச்சு ஏத்துங்க, ஒவ்வொரு சக்கரமா இறங்கட்டும்" என்று இலையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார் வலப்பக்கத்துக்காரர். திரும்பும்போது திருமயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கை மகனை அப்படியே செய்யச் சொன்னேன், தட்டவில்லை. எதிரே பைக்கில் வந்தவர் மட்டும் நாங்கள் அவர் மேல் ஏற்றப் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

டிக்கியைப் பற்றியும் சொன்னார்கள், ஆனால் அது எனக்கே அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. இத்தனை நீளக் காரில் ஸ்டெப்னி டயர் டிக்கிக்குள்ளேயே மேலாகப் படுத்திருக்கிறது. இரண்டு பெரிய பெட்டிக்கு அப்புறம் இடமில்லை. சீர்த்தட்டெல்லாம் மச்சான் வண்டியில்தான் வந்து சேர்ந்தன.

இனி திரும்புகாலில் பின் சீட்டு. தங்கை மகனின் பெயரையும் லைசென்ஸையும் ஒப்பந்தத்தில் முன்பே சேர்த்திருந்தோம். நீங்களும் மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் அவர் ஓட்டும்போது உரசினால் இன்சூரன்ஸ் உங்களுக்கு இல்லை. இடப்பக்கப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கதவில் ஒரு பொத்தான். அமுக்கினால் எனக்கு முன்னால் இருக்கிற சீட்டு தானே முன்னுக்குப் போகிறது. இன்னொன்றை அமுக்கினால் முதுகு 37 டிகிரி வரை சாய்கிறது. கண்ணாடிக்குத் திரை. உள்ளே ஓடுகிற விளக்கு 64 நிறத்தில் மாறுமாம். தங்கையின் பேத்தி புதுக்கோட்டைக்குள் அத்தனையையும் மாற்றிப் பார்த்துவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம், உண்மையைச் சொன்னால், அலுப்பாக இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. சமயபுரம் டோலில் கண்ணை மூடினேன், உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தும்போதுதான் திறந்தேன். வீட்டுக்கு வந்து இறங்கினபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இடுப்பு வலிக்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து ஒரு கட்டுரைக்குப் பிழை திருத்தினேன். இத்தனை தூரம் போய் வந்தால் வழக்கமாக மறுநாள் எனக்குக் கணக்கில் வராது. அந்தக் காரில் காசு கொடுத்து வாங்கக்கூடியது என்று ஒன்று இருந்தால் அது அந்த மறுநாள்தான். தோல் இருக்கை, நட்சத்திரச் சின்னம், காவலாளி சல்யூட் எல்லாம் எனக்கு அதற்கப்புறம்தான். தினமும் ஊர் ஊராக ஓடுகிற வியாபாரிக்கு அந்த மறுநாளுக்கு விலை உண்டு. நீங்களும் நானும் வருஷத்துக்கு எத்தனை தடவை அப்படி ஓடப்போகிறோம்?

இப்போது உங்கள் புரோக்கர் விஷயம். வாடகைக்காரனுக்கு வண்டி காட்டாத ஒரு முகம் இருக்கிறது. டயர், சர்வீஸ், சென்சார் எதற்கும் நான் பணம் கொடுக்கவில்லை. ஓட்டினேன், டீசலை அதே அளவுக்கு நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன், டெபாசிட்டை வாங்கிக்கொண்டேன். சொந்தக்காரனுக்கு அப்படி இல்லை. புதிதில் 60 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி உங்களிடம் 30-க்கு வருகிறது. வண்டியின் விலைதான் பாதியானது. ஹெட்லைட் உடைந்தால் அந்த ஹெட்லைட்டின் விலை பாதியாகவில்லை. பந்தியில் மதுரைக்காரர் சொன்னது இது: "முதலாளிக்கு வண்டி வாங்கினது வலிக்கலண்ணே. பள்ளத்துல விட்டு டயர் ஓரத்துல புடைச்சுக்கிச்சு, ரெண்டு டயரா மாத்தணும்னாங்க, அன்னைக்குத்தான் வலிச்சுது."

சென்னையில் ஓடிய வண்டியென்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரத்தில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுவது அந்தப் பாடத்தில் வந்த பழக்கம். தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவித் துடைத்து வாசனை தெளித்து விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அப்படியே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த வண்டிகளில் கம்பியும் கம்ப்யூட்டரும்தான் பாதி. தண்ணீர் பட்ட கம்பி இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நிற்கும்.

வீட்டிலும் ஒரு அளவு எடுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இந்த வண்டியின் நீளம் 5.06 மீட்டர். அடுக்குமாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் முதல் அஜெண்டா நீங்கள்தான்.

புது வண்டி என்ற நினைப்பு வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தலைமுறை இ-கிளாஸ் 2024 அக்டோபரில் வந்தபோது ஷோரூம் விலை 78.5 லட்சத்தில் தொடங்கியது. நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அந்த விலைக்கு வரி மட்டுமே 15 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு புது கார் வரும், உங்களுக்குத் தெரியாததில்லை.

வாடகைக்கு எடுப்பதென்று முடிவானால் ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். முகூர்த்த மாதங்களில் ஓன் போர்டு பென்ஸ்கள் வாடகைக்கு நிறையக் கிடைக்கும். வெள்ளை பிளேட், விலையும் குறைவு, போட்டோவுக்கும் அழகு. எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடலாம். செல்ஃப் டிரைவ் என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து, டிரைவரோடு என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், மேலே போனால் கிலோமீட்டருக்கு என்ன, அடிபட்டால் உங்கள் பங்கு எவ்வளவு, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். டிரைவரோடு எடுத்தால் பேட்டாவோடு அவர் ராத்திரி எங்கே படுப்பார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பல மண்டபங்களில் அவருக்குப் பாய்கூடக் கொடுப்பதில்லை. அவர் நன்றாகத் தூங்கியிருந்தால்தான் மறுநாள் உங்களுக்கு நல்லது.

கும்பகோணத்திலிருந்து ராமேஸ்வரம் போகவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு எடுக்கலாம், தூரம் சரியாக இருக்கும். ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி உண்டென்று நாலாவது பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்களை ஒருமுறை பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டார்கள் என்றால் ராமேஸ்வரத்துக்கு இன்னோவா எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஸை வேறொரு நாள் நீங்கள் மட்டும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை போய் வாருங்கள்.

அன்புடன்,
கடிதப் பகுதிக்கு எழுதுகிறவன்